தேய்மானத்தின் அரசியல்: ஒரு கார் மெக்கானிக் விளையாட்டை முன்வைத்து

1

கணினித் திரையில் ஒரு ஷெட். லிஃப்டில் ஏற்றி நிறுத்திய கார். முன் சக்கரத்தைக் கழற்றி, காலிப்பரைக் கழற்றி, பிரேக் டிஸ்கை எடுத்துப் பார்த்தால் அதற்கு ஒரு எண் இருக்கிறது: 23 சதவீதம். பிரேக் பேடுக்கு 9. பால் ஜாயிண்டுக்கு 61. கடையைத் திறந்து புதுசு வாங்கி, கழற்றிய வரிசைக்குத் தலைகீழான வரிசையில் மாட்டினால் வேலை முடிந்தது. பணம் வந்துவிடும். வண்டிக்காரர் முகம் தெரியாது. அவர் ஒரு துண்டுக் குறிப்பு மட்டுமே: முன்பக்கம் சத்தம் வருகிறது, பார்க்கவும்.

போலந்தின் ரெட் டாட் கேம்ஸ் உருவாக்கி, ப்ளேவே என்ற வார்சா நிறுவனம் வெளியிட்ட 'கார் மெக்கானிக் சிமுலேட்டர்' என்ற விளையாட்டு இது. முதல் பதிப்பு 2014இல். பிறகு 2015, 2018, 2021 என்று ஆண்டைப் பெயரில் சுமந்த பதிப்புகள். 2018 என்று பெயர் வைத்தது 2017 ஜூலையிலேயே வந்துவிட்டது. கார் கம்பெனிக்காரன் அடுத்த வருஷத்து மாடலை இந்த வருஷமே விற்பானே, அதே மாதிரி. இந்த ஒற்றுமைக்குப் பின்னால் வருவோம்.

தேய்ந்த பாகத்தை என்ன செய்வது என்பதற்கு விளையாட்டு இரண்டு வழி வைத்திருக்கிறது. ஒன்று, மாற்று. இன்னொன்று, மூலையில் கிடக்கும் மேசைக்குக் கொண்டுபோய்ப் பழுதுபார். 2021 பதிப்பில் திரையில் ஓடும் குறியைச் சரியான இடத்தில் நிறுத்தினால் பழுது தீர்ந்தது. தவறினால் பாகம் கெட்டது. ஒரு குறிப்பிட்ட சதவீதத்துக்குக் கீழே போனதைப் பழுதுபார்க்கவே முடியாது. ரப்பர் புஷ் மாதிரி சில பாகங்களுக்கு அந்த வாய்ப்பே கிடையாது, தூக்கிப்போட வேண்டியதுதான்.

என் அக்காள் மகன் இதை மணிக்கணக்காய் ஆடுகிறவன். ஒருநாள் எங்கள் தெரு மெக்கானிக் அண்ணன் வந்திருந்தார், முப்பது வருஷமாய் ஸ்பேனர் பிடித்த கை. கொஞ்ச நேரம் அவன் பின்னால் நின்று பார்த்தார். இரண்டு விஷயம் கேட்டார். முதலாவது: "போல்ட்டெல்லாம் எப்படிப்பா வெண்ணெய் மாதிரி கழலுது? ஒண்ணுகூடத் துருப்பிடிச்சு மாட்டிக்கலையே." இரண்டாவது: "அறுபத்தொண்ணுன்னு போட்டிருக்கே, அது யாரு சொன்னது?"

பையன் சிரித்துவிட்டான். "கேம்தான் சொல்லுது, மாமா." எனக்குச் சிரிக்கத் தோன்றவில்லை. ஒரு பாகம் எவ்வளவு தேய்ந்திருக்கிறது, இன்னும் ஓடுமா, தூக்கிப்போட வேண்டுமா என்பதை யார் சொல்வது? இந்தக் கேள்விக்கு இருநூற்று நாற்பது வருஷ வரலாறு இருக்கிறது. இரும்பின் வரலாறாக மட்டும் அதைப் படிக்க முடியாது.

2

இந்த இடத்தில் மார்க்ஸைக் கூப்பிடுவது சிலருக்குப் பழக்கதோஷமாகத் தெரியலாம். இருக்கட்டும். 'மூலதனம்' முதல் தொகுதியையே முட்டிமோதிப் படிக்கிற நம் சூழலில் இரண்டாம் தொகுதியைத் திறப்பவர்கள் குறைவு. எங்கெல்ஸ் 1885இல் பதிப்பித்த அந்தத் தொகுதியின் எட்டாம் அத்தியாயத்தில், நிலை மூலதனத்தின் பாகங்களை மாற்றுவது, பழுதுபார்ப்பது பற்றி ஒரு பகுதியே இருக்கிறது. தண்டவாளங்களையும் ரயில் எஞ்சின்களையும் வைத்து மார்க்ஸ் பேசுகிறார். ஒரு எஞ்சினின் பாகங்களை ஒவ்வொன்றாக மாற்றிக்கொண்டே போனால் அது பழைய எஞ்சினா, புது எஞ்சினா? செலவு பழுதுக் கணக்கிலா, மாற்றுக் கணக்கிலா? இரண்டுக்கும் நடுவிலுள்ள கோடு நெகிழ்வானது என்கிறார். ரயில்வே கம்பெனிகளில் இதுபற்றி ஓயாத தகராறு. பழுதுச் செலவை மூலதனக் கணக்கில் தள்ளிவிட்டால் லாபம் கூடியதாகத் தெரியும், ஈவுத்தொகையை ஊதிப் பெருக்கலாம். கம்பெனி இயக்குநர்களின் பழகிய தந்திரம் இது என்று அவர் போகிறபோக்கில் சொல்லிச் செல்கிறார்.

இதில் நமக்கு வேண்டியது ஒன்றுதான். பழுதுபார்ப்பதற்கும் மாற்றுவதற்கும் இடையிலான கோடு பொருளுக்குள் இல்லை. யாரோ வரைகிறார்கள். வரைகிறவருக்கு அதில் ஆதாயம் இருக்கிறது. கணக்குப் புத்தகத்தில் நடக்கும் இந்தக் கோடு கிழிப்பு, தொழிற்சாலையிலும் பட்டறையிலும் எப்படி நடந்தது என்று பார்க்கலாம்.

3

மாற்றுப் பாகம் என்ற கருத்து காரோடு பிறக்கவில்லை, துப்பாக்கியோடு பிறந்தது. 1785இல் பிரான்சுக்கு அமெரிக்கத் தூதராக இருந்த தாமஸ் ஜெஃபர்சன், ஒனொரே பிளாங் என்ற துப்பாக்கிக் கைவினைஞரின் பட்டறைக்குப் போனார். ஐம்பது துப்பாக்கி விசைகளின் உதிரிகள் பிரித்துத் தனித்தனிக் குவியலாக வைக்கப்பட்டிருந்தன. கைக்கு வந்ததை எடுத்து ஜெஃபர்சனே சிலவற்றைப் பூட்டிப் பார்த்தார். எல்லாம் பொருந்தின. அந்த ஆகஸ்டில் ஜான் ஜேவுக்கு எழுதிய கடிதத்தில் இதன் நன்மை என்று அவர் எதைக் காட்டுகிறார்? ஆயுதங்கள் பழுதாகும்போது இது எவ்வளவு உதவும் என்பதைத்தான். வேகமான உற்பத்தி, மலிவான விலை எல்லாம் பிறகு ஏறிக்கொண்ட காரணங்கள். போர்க்களத்தில் கொல்லனும் அரமும் இல்லாமல் துப்பாக்கியைச் சரிசெய்ய வேண்டும், அவ்வளவுதான். மாற்றுப் பாகம் என்பது பழுதுபார்ப்பவனுக்குப் பதிலாக வந்த பொருள் என்பது முதல் நாளிலேயே எழுதப்பட்டிருக்கிறது.

பிளாங்கின் யோசனையைப் பிரான்சின் மற்றக் கைவினைஞர்களும் அரசும் பெரிதாகத் தொடரவில்லை. அமெரிக்க ராணுவம் பிடித்துக்கொண்டது. 1798இல் பத்தாயிரம் துப்பாக்கிகளுக்கு ஒப்பந்தம் எடுத்த எலி விட்னி, 1801இல் வாஷிங்டனில் அரசுத் தலைவர்கள் முன்னால் உதிரிகளை மாற்றிப் பூட்டிக் காட்டினார். அமெரிக்கப் பாடப்புத்தகங்கள் நெடுங்காலம் இதைக் கொண்டாடின. ஆனால் எஞ்சியிருக்கும் விட்னி துப்பாக்கிகளைப் பிற்கால ஆய்வாளர்கள் பிரித்துப் பார்த்தபோது ஒன்றின் பாகம் இன்னொன்றில் பொருந்தவில்லை. ஒவ்வொன்றும் கையால் அரம்போட்டுப் பொருத்தப்பட்டவை. மேடையில் நடந்தது ஒரு கண்கட்டு. சர்வ சமானமான பாகம் என்பது ஒரு தொழில்நுட்பமாக வருவதற்கு முன்பே ஒரு கதையாடலாக வந்துவிட்டது என்று சொல்லலாம்.

நிஜமாகவே அதைச் சாதித்தது ஹார்ப்பர்ஸ் ஃபெரி அரசு ஆயுதச் சாலையில் ஜான் ஹால். 1820களில், வருஷக்கணக்காகப் போராடி, ஏராளமான அளவுமானிகளையும் புதிய எந்திரங்களையும் வைத்து. அங்கிருந்த கைவினைஞர்கள் இதைக் கைதட்டி வரவேற்கவில்லை. அரம் பிடிக்கும் கைக்குத் தெரிந்த 'இது போதும்' என்ற தீர்ப்பை இனி ஒரு இரும்புக் கட்டை சொல்லப்போகிறது. அளவுமானி நுழைகிறதா, இல்லையா – அவ்வளவுதான் கேள்வி. கூடவே கடிகாரமும் வந்தது. 1842இல் ராணுவ அதிகாரிகள் கடிகார நேரப்படி வேலை செய்யச் சொன்னபோது தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். கால்வாய்ப் படகு பிடித்து வாஷிங்டன் போய் ஜனாதிபதி டைலரிடமே முறையிட்டார்கள். அவர் இதமாகப் பேசித் திருப்பி அனுப்பினார். கடிகாரம் நின்றுவிட்டது என்று யாரும் நினைக்க வேண்டாம், அது ஓடிக்கொண்டுதான் இருந்தது.

அரத்தை ஒரு ஆயுதமாகக் காதலிக்க வேண்டியதில்லை. அளவுமானி வந்ததால் எத்தனையோ வேலை எளிதானது. நான் கவனிக்கச் சொல்வது இடமாற்றத்தை: பொருத்தம் பற்றிய அறிவு கையிலிருந்து அளவுமானிக்கும் வரைபடத்துக்கும் போகிறது. வரைபடம் யாரிடம் இருக்கிறதோ அவரிடம் அறிவு.

4

துப்பாக்கியிலிருந்து தையல் மெஷின், சைக்கிள் வழியாகக் காருக்கு வருகிறது இந்த முறை. 1908இல் இங்கிலாந்தின் புரூக்லண்ட்ஸ் ஓட்டக்களத்தில் ஒரு சோதனை. மூன்று காடிலாக் கார்களை முழுவதுமாகப் பிரித்துப் பாகங்களைக் கலந்துவிட்டார்கள். 89 பாகங்களை அப்புறப்படுத்திவிட்டு விற்பனையாளர் ஸ்டாக்கிலிருந்து எடுத்துப் போட்டார்கள். ஸ்பேனரும் ஸ்குரூடிரைவரும் மட்டும் வைத்து மறுபடி மூன்று கார்களைப் பூட்டி, 500 மைல் ஓட்டினார்கள். ஓடின. விட்னியின் கண்கட்டு இப்போது நிஜம். அக்காள் மகன் ஆடும் விளையாட்டின் முதல் ஆட்டம் அங்கேதான் நடந்தது என்று சொன்னால் மிகையில்லை: அரம் இல்லை, சுத்தி இல்லை, கழற்று, மாட்டு, ஓட்டு.

அதே 1908இல் ஃபோர்டின் மாடல் டி வந்தது. 1927இல் நிறுத்தப்படும் வரை ஒன்றரைக் கோடி வண்டிகள். 1913இல் ஹைலண்ட் பார்க் ஆலையில் நகரும் தளம் வந்தபிறகு, பாகத்தை அரம்போட்டுப் பொருத்தும் தொழிலாளிக்கு அங்கே இடமில்லை. நிற்க முடியாமல் ஆட்கள் ஓடினார்கள். 1914இல் நாளொன்றுக்கு 5 டாலர் என்று அறிவித்துத்தான் அவர்களைப் பிடித்து வைக்க முடிந்தது.

ஆலைக்குள் செத்த அரம் ஆலைக்கு வெளியே உயிரோடு இருந்தது. கார் தேய ஆரம்பித்ததும் அது கொல்லன் பட்டறைக்கும் ஊர் கராஜுக்கும் வந்தது. புதுசாய் வரும்போது எல்லாக் காரும் ஒன்றுபோல இருக்கும். தேயும்போது ஒவ்வொன்றும் தன் வழியில் தேயும். ரோடு வேறு, டிரைவர் வேறு, எண்ணெய் வேறு. 1920களில் ஃபோர்டு நிறுவனம் பழுதுபார்ப்பதையும் தன் தளத்தைப் போலவே துண்டு துண்டாகப் பிரித்து, இந்த வேலைக்கு இத்தனை நிமிஷம், இத்தனை காசு என்று டீலர்களுக்குப் பட்டியல் போட முயன்றது. சரியாக வரவில்லை. உற்பத்தியைப் பட்டியலிடலாம், தேய்மானத்தை அவ்வளவு சுலபமாகப் பட்டியலிட முடியாது. துருப்பிடித்த போல்ட் எந்தப் பட்டியலுக்கும் அடங்காது. மெக்கானிக் அண்ணன் கேட்ட முதல் கேள்வியின் வரலாறு இது.

அந்தக் காலத்து எஞ்சினில் ஒரு விஷயம் இருந்தது. சிலிண்டர் தேய்ந்து வட்டம் கெட்டுப்போனால் தூக்கிப்போட மாட்டார்கள். போரிங் மெஷினில் ஏற்றிக் கொஞ்சம் கடைந்து பெரிசாக்கி, அதற்கேற்ற ஓவர்சைஸ் பிஸ்டன் போடுவார்கள். கால் மில்லிமீட்டர், அரை மில்லிமீட்டர் என்று படிப்படியாக. க்ராங்க்‌ஷாஃப்டைச் சாணை பிடித்து அண்டர்சைஸ் பேரிங் போடுவார்கள். இந்தப் பிஸ்டனையும் பேரிங்கையும் கம்பெனிகளே அளவு போட்டு விற்றன. அதாவது தேய்மானத்துக்குத் தரத்துக்குள்ளேயே ஒரு இடம் ஒதுக்கப்பட்டிருந்தது. மாற்றுவதும் பழுதுபார்ப்பதும் அங்கே எதிரிகள் இல்லை. ஒன்றின் தோளில் ஒன்று கைபோட்டு நின்றன. இன்றைக்கும் நம் ஊர்களில் 'ரீபோர்' என்ற சொல் மெக்கானிக்குக்கும் லேத் பட்டறைக்கும் இடையில் புழங்குகிறது. விளையாட்டில் ரீபோர் கிடையாது. எஞ்சின் பிளாக்கும் ஒரு பாகம், அதற்கும் ஒரு சதவீதம்.

1923இல் ஜெனரல் மோட்டார்ஸ் தலைவரான ஆல்ஃபிரட் ஸ்லோன் வேறொரு தேய்மானத்தைக் கண்டுபிடித்தார். வண்டி தேயாமலே பழசாகும் தேய்மானம். வருஷா வருஷம் புது மாடல், புது நிறம், புது முகப்பு. எந்திரம் நன்றாக ஓடும்போதே அதன் மதிப்பு குறைந்துபோவதை மார்க்ஸ் முன்னரே பேசியிருக்கிறார். மலிவான, மேலான எந்திரம் சந்தைக்கு வந்ததும் பழசின் மதிப்பு தானாக விழும். அது போட்டியின் விளைவு. ஸ்லோன் அதைத் திட்டம் போட்டுச் செய்தார். ஃபோர்டு 1927இல் மாடல் டியைக் கைவிட்டது இந்தத் திட்டத்துக்கு முன்னால் தோற்றுத்தான். விளையாட்டுகளுக்கு வருஷத்தைப் பெயராக வைக்கும் வழக்கத்துக்கு ஸ்லோனும் ஒரு பாட்டன்.

5

இதுவரை வந்தது அமெரிக்கக் கதை. விளையாட்டு வந்ததோ போலந்திலிருந்து. இதைத் தற்செயல் என்று ஒதுக்கிவிடலாம். நான் ஒதுக்க விரும்பவில்லை.

1971இல் போலந்து அரசு இத்தாலியின் ஃபியட் கம்பெனியோடு உரிம ஒப்பந்தம் போட்டது. 1973இல் 'போல்ஸ்கி ஃபியட் 126பி' வந்தது. பின்பக்கம் இரண்டு சிலிண்டர் எஞ்சின், காற்றால் குளிரும் வகை, ஆரம்பத்தில் 594 சி.சி. பியெல்ஸ்கோ பியாவா, டிஹி ஆலைகளில் 2000 வரை செய்தார்கள், மொத்தம் 33 லட்சத்துக்கும் மேல். ஜனங்கள் வைத்த பெயர் மாலுஹ். 'பொடியன்' என்று நாம் சொல்லலாம்.

பொடியனைக் கடையில் போய் வாங்க முடியாது. முன்பணம் கட்டி வருஷக்கணக்கில் காத்திருக்க வேண்டும். கட்சியிலோ ஆலையிலோ செல்வாக்கு இருந்தால் ஒதுக்கீட்டுச் சீட்டு கிடைக்கும். 1980களில் புதுக் காரின் அரசு விலையைவிட, சந்தையில் ஓடின காரின் விலை அதிகம். காத்திருக்கும் காலத்துக்கும் சேர்த்து விலை. தேயத் தேய மதிப்பு குறையும் என்ற பாடம் அங்கே தலைகீழாக நின்றது. விற்பனை, சர்வீஸ், ஸ்பேர் எல்லாம் போல்மோஸ்பிட் என்ற அரசு நிறுவனத்தின் கையில். ஸ்பேர் வரும், வராது. ஹங்கேரியப் பொருளாதார அறிஞர் யானோஷ் கோர்னாய் 1980இல் தட்டுப்பாட்டின் பொருளாதாரம் பற்றி எழுதிய நூலில் இந்த வகை அமைப்பை விளக்குகிறார். அங்கே விற்கிறவன் வாங்குகிறவனைத் தேட வேண்டியதில்லை, வாங்குகிறவன்தான் அலைய வேண்டும். கிடைத்ததைக் கொண்டு சமாளிக்க வேண்டும்.

அதனால் போலந்தில் கார் வைத்திருப்பவர் எல்லோரும் பாதி மெக்கானிக். குடியிருப்புக்குக் கீழே, ஞாயிற்றுக்கிழமை, பானெட்டைத் திறந்துவைத்துக் குனிந்து நிற்கும் ஆண்கள். ஆண்கள்தான், பெண்களுக்குக் கடை வாசல் வரிசை மிச்சம். சிறு கைவினைப் பட்டறைகளுக்குச் சட்டப்படி அனுமதி இருந்தது. அரசு ஆலை செய்யாத ஸ்பேரை அவர்கள் செய்தார்கள். ஆதாம் ஸ்வொடோவி என்பவர் 1959 முதல் 1983 வரை அரசுத் தொலைக்காட்சியில் 'நீயே செய்' என்ற நிகழ்ச்சியை நடத்தினார். ஒரு தலைமுறையே அதைப் பார்த்து வளர்ந்தது. 'கொம்பினோவாச்' என்று ஒரு போலிஷ் வினைச்சொல் உண்டு: கிடைத்ததைச் சேர்த்து, கொஞ்சம் தந்திரம் பண்ணி, எப்படியாவது ஒப்பேற்றுவது. ஃபேன் பெல்ட் அறுந்தால் பெண்களின் நைலான் காலுறையைக் கட்டி வீடு வந்து சேர்ந்த கதைகள் இந்தச் சொல்லின் அகராதி விளக்கம் மாதிரி.

இதைக் கேட்கும்போது நமக்குப் பழகின வாசனை அடிக்கிறது இல்லையா? அதே ஃபியட் கம்பெனியின் 1100 மாடலை உரிமம் வாங்கி பம்பாயில் செய்ததுதான் நம் பிரீமியர் பத்மினி. அம்பாசடர் மாரிஸ் ஆக்ஸ்ஃபோர்டின் வம்சம். உரிம ராஜ்ஜியத்தில் இவற்றுக்கும் பதிவுபண்ணிக் காத்திருந்தார்கள். அங்கே சோஷலிசம், இங்கே கலப்புப் பொருளாதாரம். பானெட்டுக்குள் குனிந்த முதுகு ஒன்றுபோலத்தான் தெரிகிறது. ஒரு வித்தியாசம் உண்டு, அதை மறைக்கக் கூடாது. அங்கே கார்க்காரரே குனிந்தார். இங்கே கார்க்காரர் நின்று பார்த்தார், வேறொருவர் குனிந்தார். அவருக்குப் பக்கத்தில் ஸ்பேனர் எடுத்துக் கொடுக்கும் பத்து வயதுப் பையன் ஒருவன் நின்றான். கிரீஸ் படிந்த கையைத் தொடத் தயங்கும் சமூகத்தில் கைத்திறனைப் பற்றிப் பாட்டுப் பாடுவது சுலபம். பழுதுபார்ப்பதைப் புனிதமாக்க நான் வரவில்லை. தட்டுப்பாட்டில் பிறந்த திறமைக்குள் திருடப்பட்ட ஞாயிற்றுக்கிழமைகளும், பள்ளிக்கூடம் போகாத பையன்களும் இருக்கிறார்கள்.

6

1990 ஜனவரியில் போலந்து சந்தைப் பொருளாதாரத்துக்குத் தாவியது. 2004 மே மாதம் ஐரோப்பிய ஒன்றியத்தில் சேர்ந்ததும் ஜெர்மனியிலிருந்து பழைய கார்கள் லட்சக்கணக்கில் வந்து இறங்கின. ஜெர்மானியன் தேய்ந்தது என்று முடிவுகட்டிய வண்டியைப் போலந்துக்காரன் இன்னும் ஓடும் என்று முடிவுகட்டி வாங்கினான். எல்லைக் கோட்டின் இரண்டு பக்கமும் ஒரே காருக்கு இரண்டு சதவீதம். பத்து வருஷம் கழித்து, 2014இல், அந்த நாட்டிலிருந்து இந்த விளையாட்டு வருகிறது.

இந்தப் பின்னணியில் விளையாட்டைத் திரும்பப் படித்தால் அதன் இன்பம் எங்கே இருக்கிறது என்று புரிகிறது. கடையில் எல்லா ஸ்பேரும் உண்டு. எப்போதும் உண்டு. கேட்ட நொடியில் கையில் வரும். வரிசை கிடையாது, சீட்டு கிடையாது, 'நாளைக்கு வாங்க' கிடையாது. போல்மோஸ்பிட் வாசலில் நின்ற அப்பாக்களின் கனவு இது, பிள்ளைகளின் திரையில் ஓடுகிறது. இதைச் செய்தவர்கள் அப்படி நினைத்துச் செய்தார்கள் என்று நான் சொல்லவில்லை. ஒரு பிரதிக்குள் அதை எழுதியவருக்குத் தெரியாமலே வரலாறு வந்து உட்காரும் என்பதை நாம் இலக்கியத்தில் ஏற்றுக்கொள்கிறோம், விளையாட்டில் ஏன் ஏற்கக் கூடாது?

கனவு எதைக் கொடுக்கிறது என்பதோடு எதை எடுத்துவிடுகிறது என்பதையும் பார்க்க வேண்டும். பாகம் கிடைத்துவிட்டது. கை போய்விட்டது. பொடியனின் சொந்தக்காரனிடம் பாகம் இல்லை, கை இருந்தது. காதால் கேட்டு, விரலால் தடவி, ஆட்டிப் பார்த்து, 'இன்னும் ஒரு குளிர்காலம் தாங்கும்' என்று சொல்லத் தெரிந்தது. எங்கள் மெக்கானிக் அண்ணனும் அப்படித்தான். பால் ஜாயிண்டைக் கடப்பாரையால் நெம்பிப் பார்த்து, "விடு தம்பி, ஆறு மாசம் ஓடும், தீபாவளி கழிச்சுப் பாத்துக்கலாம்" என்பார். அந்த ஆறு மாசத்துக்குள் வண்டியின் கதை, ரோட்டின் கதை, என் பர்ஸின் கதை எல்லாம் இருக்கிறது. 61 சதவீதத்துக்குள் இவை எதுவும் இல்லை. அது ஹார்ப்பர்ஸ் ஃபெரி அளவுமானியின் பேரன். ஒரு வித்தியாசம்: அளவுமானி புதுப் பாகத்தை மட்டும்தான் அளந்தது. இது தேய்ந்ததையும் அளந்துவிடுகிறது. ஃபோர்டு 1920களில் பட்டியலிட முடியாமல் தோற்றதை விளையாட்டு சுலபமாய்ச் செய்துவிட்டது, தேய்மானத்தின் வரலாற்றை அழித்துவிட்டு எண்ணை மட்டும் வைத்துக்கொண்டதால்.

இன்னொரு சின்னச் செய்தி. விளையாட்டோடு வரும் கார்களில் பெரும்பாலானவற்றுக்குக் கற்பனைப் பெயர்கள்தான். பார்த்தால் எது எந்தக் கார் என்று தெரியும், பெயர் மட்டும் வேறு. நிஜப் பெயரோடு கார் வேண்டுமென்றால் பலவற்றுக்குத் தனியாகக் காசு கொடுத்து வாங்க வேண்டும். கனவிலும் கம்பெனி தன் பெயரைச் சும்மா கொடுப்பதில்லை.

7

கனவு அப்படி. நனவில் என்ன நடக்கிறது?

1996 முதல் அமெரிக்காவில் விற்கும் கார்களில் பழுது சொல்லும் குறிகளைப் படிக்க ஒரே மாதிரியான கண்டறி முனை கட்டாயமானது. புகை மாசைக் கட்டுப்படுத்துவதற்காக வந்த விதி, ஊர் மெக்கானிக்குக்கும் ஒரு வாசலைத் திறந்தது. பிறகு கம்பெனிகள் அந்த வாசலுக்குப் பின்னால் வேறு கதவுகள் போட்டன. முக்கியமான தகவல்கள், கருவிகள், கடவுச்சொற்கள் எல்லாம் தங்கள் டீலர்களுக்கு மட்டும். 2012இல் மாசசூசெட்ஸ் மாநில வாக்காளர்கள் கார் பழுதுபார்க்கும் உரிமைக்கு மிகப் பெரும்பான்மையில் ஓட்டுப் போட்டார்கள். கார் கம்பியில்லா வழியில் கம்பெனிக்கு அனுப்பும் தகவல்களுக்கும் அந்த உரிமையை நீட்ட 2020இல் மறுபடி ஓட்டுப் போட வேண்டியிருந்தது.

இந்தியாவில் 2014 ஆகஸ்ட் 25 அன்று போட்டி ஆணையம் ஒரு தீர்ப்பு சொன்னது. நாம் அதிகம் பேசாத தீர்ப்பு. 14 கார் கம்பெனிகள் அசல் ஸ்பேர்களையும் கண்டறி கருவிகளையும் வெளிப் பட்டறைகளுக்குக் கிடைக்கவிடாமல் வைத்திருந்தன என்று கண்டு, மொத்தம் 2,544 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. அவற்றைத் திறந்த சந்தையில் கிடைக்கச் செய்யவும் உத்தரவிட்டது. கம்பெனிகள் மேல்முறையீடு, உயர் நீதிமன்றம் என்று போயின. 2022இல் ஒன்றிய அரசு பழுதுபார்க்கும் உரிமைக்கென்று ஒரு குழு போட்டு, ஒரு இணையதளமும் திறந்தது.

இப்போது பாகத்துக்குத் தட்டுப்பாடு இல்லை. அனுமதிக்குத்தான் தட்டுப்பாடு. பல புதிய கார்களில் சில மின்னணுப் பாகங்களை மாட்டினால் மட்டும் போதாது; கம்பெனியின் கருவி வந்து 'இது உன் பாகம்தான்' என்று காருக்குச் சொல்ல வேண்டும். அதுவரை, பூட்டிய பாகம் பூட்டியபடியே செத்துக் கிடக்கும். 1785இல் எந்தக் குவியலிலிருந்தும் எதையும் எடுத்துப் பூட்டலாம் என்று வியந்தார்களே, அதை மென்பொருளால் திரும்பக் கெடுக்கிறார்கள். இரும்பு பொருந்துகிறது, சொல் பொருந்த மறுக்கிறது. விட்னியின் துப்பாக்கிக்குள் ரகசியமாய்க் கிடந்த பொருந்தாமை இப்போது வெளிப்படையான வியாபாரம்.

இந்த வெளிச்சத்தில் விளையாட்டு கொஞ்சம் கலகக்காரத்தனமாகக்கூடத் தெரிகிறது. அங்கே எந்தப் பாகமும் யாரிடமும் அனுமதி கேட்பதில்லை. கண்டறி கருவி எல்லோருக்கும் உண்டு. பானெட்டுக்குள் என்ன இருக்கிறது என்று பதினாலு வயதுப் பையனுக்குத் தெரிகிறது. பால் ஜாயிண்ட் எது, டை ராடு எது என்று அவன் என்னைவிடச் சரியாகச் சொல்கிறான். நிஜக் காரில் சீல் வைத்த மூடிக்கு அடியில் ஒளித்து வைத்ததை அவன் திரையில் திறந்து பார்த்துவிட்டான். இதை நான் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால் எது தேய்ந்தது என்ற தீர்ப்பை மட்டும் எண்ணிடம் விட்டுக்கொடுக்கப் பழகியிருக்கிறான். நாளைக்கு டேஷ்போர்டில் 'இந்தப் பாகத்தின் ஆயுள் முடிந்தது, அங்கீகரிக்கப்பட்ட மையத்துக்கு வரவும்' என்று எழுத்து ஓடும்போது, 'அது யாரு சொன்னது?' என்று கேட்க அவனுக்குத் தோன்றுமா?

பழுதுபார்க்கும் உரிமை என்று இன்று பேசப்படுவது பெரும்பாலும் ஸ்பேர், கருவி, தகவல் இவற்றைப் பெறும் உரிமையாக இருக்கிறது. வேண்டியதுதான், அதற்காகச் சண்டை போட வேண்டும். அதோடு இன்னொன்றும் சேர வேண்டும் என்று நினைக்கிறேன்: 'இன்னும் ஓடும்' என்று சொல்லும் உரிமை. அதைச் சொல்லும் தகுதியுள்ள கைக்குக் கூலியும் மரியாதையும், பக்கத்தில் நிற்கும் பையனுக்குப் பள்ளிக்கூடமும். இவை இல்லாமல் முதலாவது கிடைத்தால், கம்பெனி சொல்லும் சதவீதத்தை நம் பட்டறையிலேயே படித்துக்கொள்ளலாம். அவ்வளவுதான் மாற்றம்.

மெக்கானிக் அண்ணன் அன்றைக்குப் போகும்போது பையனிடம் சொல்லிவிட்டுப் போனார்: "ஞாயித்துக்கிழமை பட்டறைக்கு வா. ஒரு பழைய பத்மினி நிக்குது. ஒரு போல்ட்டாவது நீயே கழட்டிப் பாரு." பையன் போனான். சாயங்காலம் வந்தபோது வலது உள்ளங்கையில் ஒரு கொப்புளம். எத்தனை போல்ட் கழற்றினாய் என்று கேட்டேன். ஒன்றுகூட இல்லை என்றான். அடுத்த வாரமும் போகப் போகிறானாம்.